செவிலியராக விரும்பும் பிள்ளையின் பதினோராம் வகுப்பு

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியாகி, மதிப்பெண் பட்டியலின் நகலைக் கையில் பிடித்துக்கொண்டு மேல்நிலைப் பள்ளிகளின் வாசலில் பெற்றோரும் பிள்ளைகளும் காத்து நிற்கின்ற அந்தச் சில நாட்களில், தமிழ்நாட்டு இளைஞர் பலருடைய வாழ்க்கைத் தொழில் இன்னதென்பது அவர்கள் அறியாமலே நிர்ணயமாகிவிடுகிறது. எந்தக் குரூப் வேண்டும் என்று பள்ளியில் கேட்கிறார்கள். தோழி சேர்ந்த பிரிவு என்றோ, கணக்கு வராது என்றோ, மதிப்பெண்ணுக்கு இதுதான் கிடைக்கும் என்று தலைமையாசிரியர் சொன்னார் என்றோ, ஊருக்கு அருகிலுள்ள பள்ளியில் வேறு பிரிவே இல்லை என்றோ ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு விண்ணப்பத்தில் ஒரு பிரிவைக் குறித்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே பெண் ‘எனக்கு நர்சிங் படிக்க ஆசை’ என்று வாய்திறக்கும்போது, அதற்கு வேண்டிய தகுதி அன்றைய தினமே கைநழுவிப் போயிருப்பது தெரியவருகிறது. அந்தப் பெண்ணிடம் புத்தியிலோ முயற்சியிலோ குறையொன்றும் இல்லை. உரிய வேளையில் உரிய செய்தியைச் சொல்லுவார் இல்லை என்பது ஒன்றே குறை.

மருத்துவராவதற்கு எப்படி ஆயத்தம் செய்ய வேண்டும் என்பது பற்றி நம் நாட்டில் ஏழாம் வகுப்பு முதலே பேச்சு நடக்கிறது. பொறியியலைப் பற்றியும் அப்படியே. செவிலியர் கல்விக்கோ அத்தகைய முன்யோசனை அவசியம் என்றே பலர் கருதுவதில்லை. வேறொன்றும் கிடைக்காதபோது சேர்ந்துகொள்ளும் படிப்பு அது என்ற தவறான அபிப்பிராயம் இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகெங்கும் சுமார் 2 கோடியே 79 லட்சம் செவிலியர் இருந்தும் ஏறத்தாழ 59 லட்சம் பேர் குறைவாக உள்ளனர் என்று கணக்கிட்டுக் கூறியது. இத்தனை பெரிய தேவையுள்ள ஒரு தொழிலுக்கு, அதிலும் மனித உயிரை நேராகக் கையாளுகின்ற ஒரு தொழிலுக்கு, பிள்ளைகளை ஆயத்தமின்றி அனுப்புவது அவர்களுக்கும் நியாயமன்று; அவர்கள் நாளை பேணப்போகிற நோயாளிகளுக்கும் நியாயமன்று.

முதலில் விதிகளைப் பார்ப்போம். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகப் பிறந்த இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்து, 2021-இல் அரசிதழில் வெளியான ஒழுங்குமுறையின்படி, நான்காண்டுப் பட்டப்படிப்பான பி.எஸ்சி. நர்சிங்கில் சேர விரும்புகிறவர் மேல்நிலைத் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றும் சேர்ந்து குறைந்தது 45 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும்; ஆங்கிலத்தில் தனியாகத் தேறியிருக்க வேண்டும்; சேரும் ஆண்டின் டிசம்பர் 31-ஆம் தேதியன்று 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் கலந்தாய்வின் மூலம் நிரப்பப்படும் இடங்களுக்கு இந்த அறிவியல் பாடங்களில் பிளஸ் டூவில் பெற்ற மதிப்பெண்ணே தரவரிசைக்கு அடிப்படையாக இருந்துவந்திருக்கிறது. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். இயற்பியலும் வேதியியலும் கணிதமும் கணினி அறிவியலும் உள்ள பிரிவு அறிவியல் பிரிவுதான் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் உயிரியல் இல்லை. ‘என் மகள் சயின்ஸ் குரூப்தானே படித்தாள்’ என்று கேட்கும் தகப்பனாருக்கு, அந்த ஒரு பாடம் இல்லாமையால் இடம் இல்லை என்று விளக்குவது எவ்வளவு கஷ்டமான காரியம் என்பதைக் கலந்தாய்வு அலுவலகங்களில் இருப்பவர்கள் அறிவார்கள். பயோ-மேத்ஸ் என்று வழங்கும் பிரிவிலோ, தாவரவியலையும் விலங்கியலையும் தனித்தனிப் பாடங்களாகக் கற்பிக்கும் பியூர் சயின்ஸ் பிரிவிலோ, உயிரியலோடு கணினி அறிவியல் சேர்ந்த பிரிவிலோ சேர்ந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதே காரியம் வேறு விதமாக நடக்கிறது. அங்கே பள்ளியை முடித்த உடனே செவிலியர் கல்விக்கூடத்துக்குள் நுழைந்துவிடாமல், பலர் முதலில் தம் ஊரிலுள்ள சமுதாயக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல், உளவியல் முதலிய பாடங்களைப் படித்துத் தேறி, அந்த மதிப்பெண்களோடும், பல கல்விக்கூடங்கள் கேட்கும் தகுதித் தேர்வு ஒன்றின் முடிவோடும் விண்ணப்பம் செய்கிறார்கள். இன்ன பருவத்தில் இன்ன பாடம், ஆய்வகத்தோடு கூடிய பாடங்களை ஒரே பருவத்தில் எத்தனை எடுப்பது, பழைய பாடங்களை எத்தனை ஆண்டுகள் வரை ஏற்றுக்கொள்வார்கள் என்று அட்டவணை போட்டுத் திட்டமிடுவது அங்குள்ள மாணவருடைய முதல் வேலை. அந்த முறையில் செலவும் காலதாமதமும் உண்டு. அதை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் அதில் ஒரு நன்மை இருக்கிறது. முன்படிப்பு என்பது அங்கே வயது வந்தவர் தாமே தெரிந்தெடுத்துத் தாமே திட்டமிடும் விஷயம். முப்பது வயதில் மனம் மாறியவரும் அந்தப் பாடங்களைப் படித்துவிட்டு வரலாம். இங்கேயோ அதே முன்படிப்பு பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில், அது முன்படிப்பு என்று ஒருவரும் பெயர் சொல்லாமலே வைக்கப்படுகிறது. அமெரிக்க மாணவர் கல்லூரியில் படிக்கும் அந்த உடலியங்கியலின் அஸ்திவாரத்தைத்தான் நம் பிள்ளைகள் பதினோராம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் படிக்கிறார்கள்.

பதினோராம் வகுப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது; ஏனென்றால் என் கருத்தில் முழு விஷயத்தின் மையமும் அங்கேதான் இருக்கிறது. மாநிலப் பாடத்திட்டத்தின் பதினோராம் வகுப்பு விலங்கியல் நூலை எடுத்துப் புரட்டிப் பார்த்தால், செரித்தல், சுவாசம், உடல் திரவங்களும் இரத்த ஓட்டமும், கழிவு நீக்கம், இயக்கம், நரம்புகளின் ஒருங்கிணைப்பு, நாளமில்லாச் சுரப்பிகள் என்று மனித உடலின் மண்டலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைக் காணலாம். பன்னிரண்டாம் வகுப்பில் இனப்பெருக்கமும் மரபியலும் நோய்த்தடையும் நோய்களும் வருகின்றன, அவையும் வேண்டியவையே. ஆனால் பி.எஸ்சி. நர்சிங்கின் முதல் பருவத்தில், 60 மணி நேர உடற்கூறும் 60 மணி நேர உடலியங்கியலும் மாணவியின் எதிரே வந்து நிற்கும்போது, அவளுக்குக் கைகொடுக்க வேண்டியது அந்தப் பதினோராம் வகுப்பு நூல்தான். இதயத்தின் நான்கு அறைகளையும் சிறுநீரகத்தின் நெஃப்ரானையும் அன்று நன்றாகப் படம் வரைந்து புரிந்துகொண்டவள், கல்லூரியில் அதே பொருளை ஆங்கிலத்தில் ஆழமாகக் கேட்கும்போது பழகிய இடத்தில் நடப்பவளாக இருக்கிறாள். படிக்காதவளோ, பெயர்களின் வெள்ளத்தில் முதல் மாதத்திலேயே திகைத்துப் போகிறாள்.

இத்தகைய முக்கியத்துவம் உடைய வகுப்பைத்தான் நம் பள்ளிகளில் பல அலட்சியம் செய்துவந்திருக்கின்றன. மதிப்பெண்ணுக்கு உதவுவது பன்னிரண்டாம் வகுப்பு என்பதால், அந்தப் பாடத்தையே இரண்டு ஆண்டுகளும் திரும்பத் திரும்ப நடத்தி மனப்பாடம் செய்விக்கும் வழக்கம் வெகு காலமாக வேரூன்றியிருந்தது. அதைத் தடுப்பதற்காகவே 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. ஆனால் அந்த மதிப்பெண் உயர்கல்விச் சேர்க்கைக்குக் கணக்கில் வராது என்று 2018-இல் முடிவாகவே, அத்தேர்வின் பயன் பாதியாகக் குறைந்தது. 2025-26 முதல் அத்தேர்வே கைவிடப்பட்டுவிட்டது. பதினாறு வயதுப் பிள்ளைகளை ஆண்டுதோறும் பொதுத்தேர்வின் அச்சத்தில் வைக்க வேண்டாம் என்ற எண்ணம் கருணையுள்ளது. அதை நான் குறைகூறவில்லை. ஆனால் தேர்வு போயிற்று என்பதால் பாடமும் போய்விடக் கூடாது. மருத்துவத்துக்குப் போகிற பிள்ளைக்கு நீட் தேர்வு இருக்கிறது. அதில் பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்து வினாக்கள் வருகின்றன என்பதால் யாராவது ஒருவர் அதைப் படிக்கச் செய்துவிடுகிறார்கள். செவிலியர் படிப்புக்குப் போகிற அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அத்தகைய தூண்டுதல் எதுவும் இல்லை. ஆகவே தாய் தந்தையர், ‘பதினோராம் வகுப்பு விலங்கியல் முழுவதும் நடத்தப்பட்டதா’ என்று பள்ளியில் கேட்க வேண்டும். அது அவர்களுடைய உரிமை. நடத்தவில்லையென்றால், அந்த ஒரு நூலையாவது பிள்ளை தானே படித்து முடிக்கும்படி விடுமுறையில் ஏற்பாடு செய்ய வேண்டும்.

வேதியியலும் இயற்பியலும் செவிலியருக்கு எதற்கு, தகுதிக்காகத் தேறினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இரத்தத்தின் அமில காரநிலை 7.35-க்கும் 7.45-க்கும் இடையே நிற்க வேண்டும்; அந்தச் சிறு இடைவெளியை விட்டு விலகினால் நோயாளி அபாயத்தில் இருக்கிறார். பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பைக் கலக்காமல் நேராக இரத்தக் குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். இவற்றை விதியாக மனப்பாடம் செய்த செவிலியருக்கும், அயனி என்றால் என்ன, செறிவு என்றால் என்ன என்று தெரிந்து அந்த விதியின் காரணத்தை உணர்ந்த செவிலியருக்கும் உள்ள வித்தியாசம், நள்ளிரவில் மருத்துவர் அருகில் இல்லாத வேளையில் வெளிப்படும். டிரிப்ஸ் பாட்டிலை உயரத்தில் மாட்டுவது ஏன், இரத்த அழுத்தத்தைப் பாதரசத்தின் மில்லிமீட்டரில் அளப்பது ஏன், படுத்திருக்கும் நோயாளியைத் தன் முதுகு நோகாமல் திருப்பிப் படுக்கவைப்பது எப்படி என்பனவெல்லாம் பள்ளி இயற்பியலின் தொடர்ச்சியே.

கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கணக்குக்குப் பயந்து பியூர் சயின்ஸ் எடுத்த பெண், இனி வாழ்நாளில் கணக்கு இல்லை என்று நிம்மதி அடைகிறாள். பட்டப்படிப்பில் சேருவதற்கு மேல்நிலைக் கணிதம் தேவையில்லை என்பது உண்மையே. ஆனால் பின்னம், விகிதம், தசமம், அலகு மாற்றம் ஆகிய பத்தாம் வகுப்புக்குள் அடங்கிய கணக்கு இல்லாமல் ஒரு நாளும் வார்டில் பணிபுரிய முடியாது. ஒரு லிட்டர் சலைனை எட்டு மணி நேரத்தில் ஏற்றும்படி மருத்துவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழாயில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டுகள் விழுமாயின், 1000 மில்லிலிட்டருக்கு 20,000 சொட்டுகள். எட்டு மணி என்பது 480 நிமிடங்கள். ஆகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டுகள் விழும்படி திருகியை அமைத்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டும். குழந்தைகளுக்குரிய நுண்சொட்டுக் குழாயில் ஒரு மில்லிலிட்டருக்கு 60 சொட்டுகள். அதிலே நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழுகிறதோ, மணிக்கு அத்தனை மில்லிலிட்டர் உடலில் சேரும் என்ற அழகான சுருக்கவழி, 60 நிமிடம் ஒரு மணி என்பதிலிருந்து தானே பிறக்கிறது.

இன்னொரு கணக்கு. பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சலுக்கான பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் கொடுக்க வேண்டுமென்றால் 180 மில்லிகிராம். ஐந்து மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பாக இருந்தால் 3.6 மில்லிலிட்டர் கொடுக்க வேண்டும். ஐந்து மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் உள்ளதாக இருந்தால் 7.2 மில்லிலிட்டர். புட்டியின் மேலுள்ள எண்ணைக் கவனியாமல் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றின் அளவை எடுத்தால், மருந்து இரு மடங்காகவோ பாதியாகவோ ஆகிவிடும். பதினோராம் வகுப்பில் கணிதப் பாடம் இல்லாத பிள்ளைகள், இரண்டாண்டுகள் விகிதக் கணக்கையே தொடாமல் இருந்துவிட்டுக் கல்லூரிக்குள் நுழைகிறார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம், பழைய எட்டாம் ஒன்பதாம் வகுப்பு நூல்களை வைத்துக்கொண்டு இந்தக் கணக்குகளைப் போட்டுவந்தால் போதும். டியூஷனும் வேண்டாம், செலவும் வேண்டாம்.

ஆங்கிலமோ எல்லாவற்றையும்விடப் பெரிய தடை. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் பயின்று, ‘நுரையீரல்’, ‘தமனி’, ‘சிரை’, ‘கணையம்’ என்று தெளிவாகக் கற்ற பிள்ளை, பட்டப்படிப்பின் முதல் நாளில் அவை ஒவ்வொன்றுக்கும் புதுப் பெயரைக் கேட்கிறாள். தாய்மொழியில் கற்றதால் அவளுக்குக் கிடைத்த தெளிவு பெரிய செல்வம். அதை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். நாளைக்கு நோயாளியிடம் பேசுவதும், கிராமத்துத் தாய்க்குப் பாலூட்டும் முறையைச் சொல்லிக்கொடுப்பதும் தமிழில்தானே நடக்க வேண்டும்? ஆனால் நூல்களும் தேர்வும் நோயாளியின் குறிப்பேடும் ஆங்கிலத்தில் இருக்கின்றன என்பதும் மறுக்க முடியாத உண்மை. ஆகையால் பதினோராம் வகுப்பு விலங்கியலைத் தமிழில் படிக்கும்போதே, நூலின் இறுதியிலுள்ள கலைச்சொற்களைக் கொண்டு ஒவ்வொரு உறுப்புக்கும் உரிய ஆங்கிலப் பெயரை ஒரு குறிப்பேட்டில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது மிகுந்த உபகாரமாக இருக்கும். ஆங்கிலப் பாடத்தில் வெறுமனே தேறினால் போதும் என்று இருப்பவர்கள், முதல் பருவத்திலேயே பயன்முறை ஆங்கிலமும் சமூகவியலும் உளவியலும் ஆங்கிலத்தில் வருவதை அறிந்தால் அவ்வாறு இருக்கமாட்டார்கள்.

நுழைவுத் தேர்வைப் பற்றி ஒரு குறிப்பு. நான் முன்னே சொன்ன 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம், செவிலியத்துக்கான மனப்பாங்கு ஆகியவற்றுக்குத் தலா 20 மதிப்பெண் கொண்ட நுழைவுத் தேர்வு ஒன்றைக் குறிப்பிடுகிறது. புதுச்சேரி ஜிப்மரிலும் இராணுவச் செவிலியர் பணிக்கான பட்டப்படிப்பிலும் சேர விரும்புகிறவர்களுக்கு அண்மைக் காலத்தில் நீட் மதிப்பெண் தேவைப்படுகிறது. எய்ம்ஸ் நிறுவனங்கள் தாமே தனித் தேர்வு வைக்கின்றன. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தேசியச் செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் 2023-இல் நிறைவேறியிருப்பதால், சேர்க்கை முறைகள் இனியும் மாறக்கூடும். எந்த முறை வந்தாலும், அந்த மூன்று அறிவியல் பாடங்களையும் ஆங்கிலத்தையும் உண்மையாகப் படித்தவருக்கு அச்சமில்லை. மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்தவருக்கே சங்கடம்.

தவறான பிரிவில் சேர்ந்துவிட்டவர்கள் என்ன செய்வது? அவர்களிடம் ‘முடிந்தது’ என்று சொல்லிவிட என் மனம் ஒப்பவில்லை. மூன்றாண்டு டிப்ளமா நர்சிங் படிப்புக்கு, மேல்நிலைத் தேர்வில் மொத்தமாக 40 விழுக்காடும் ஆங்கிலத்தில் 40 விழுக்காடும் பெற்ற கலைப்பிரிவு, வணிகப்பிரிவு மாணவர்களும் தகுதியுள்ளவர்களே என்பது கவுன்சிலின் பொது விதி. அதை முடித்துப் பதிவு பெற்றவர்கள், பிறகு இரண்டாண்டு போஸ்ட் பேசிக் படிப்பின் மூலம் பி.எஸ்சி. பட்டம் பெற வழி இருக்கிறது. துணைச் செவிலியருக்கான இரண்டாண்டு ஏ.என்.எம். படிப்பும் இருக்கிறது. ஆனால் எந்தக் கல்விக்கூடம் எந்தப் பிரிவினருக்கு முதலிடம் கொடுக்கிறது என்பது ஆண்டுதோறும் வெளியாகும் விளக்கக் குறிப்பேட்டைப் பார்த்தே தெளிய வேண்டியது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் மூலம் அறிவியல் பாடங்களோடு மேல்நிலைத் தேர்வு எழுதியவர்களும் பட்டப்படிப்புக்குத் தகுதியுள்ளவர்கள் என்று அதே ஒழுங்குமுறை கூறுகிறது. இந்த வழியில் செல்ல நினைப்பவர்கள், பணமும் ஆண்டும் செலவிடுவதற்கு முன், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்று தங்களுக்குக் கிடைக்குமா என்பதையும், சேர விரும்பும் கல்லூரி ஏற்குமா என்பதையும் எழுத்து மூலமாகவே உறுதி செய்துகொள்ள வேண்டும். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

வாய்வார்த்தை என்றதும் இன்னொரு கவலை மனத்தில் எழுகிறது. சிறிய ஊர்களின் பேருந்து நிலையங்களில், பத்தாம் வகுப்புத் தேறியவர்களும் தவறியவர்களும் ஓராண்டில் நர்ஸ் ஆகலாம் என்று சொல்லும் விளம்பரத் தட்டிகளைக் காணாதவர்கள் இருக்கமுடியாது. வெள்ளைச் சீருடை கொடுக்கிறார்கள். ஒரு தனியார் மருத்துவமனையில் வேலையும் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தச் சான்றிதழைக் கொண்டு தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு பெற முடியாது. பதிவு இல்லாதவர் சட்டத்தின் கண்ணில் செவிலியர் ஆகமாட்டார். சென்னை மாகாணத்தில் இந்தப் பதிவுக்காகச் சட்டம் இயற்றப்பட்டது 1926-இல். அதற்குப் பின் இத்தனை காலம் கழித்தும், ஏழைப் பெண்கள் தாலியை அடகுவைத்துக் கட்டிய பணத்துக்குப் பயனற்ற ஒரு காகிதத்தைப் பெற்றுக்கொண்டு, வாழ்நாளெல்லாம் உதவியாளர் சம்பளத்தில் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது நெஞ்சை வருத்துகிறது. கல்விக்கூடத்துக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரமும் மாநிலக் கவுன்சிலின் அங்கீகாரமும் உண்டா என்று கேட்பதே சேர்க்கைக்கு முன் செய்ய வேண்டிய முதல் விசாரணை.

நம் மாநிலத்துக்கு இந்தத் துறையில் உள்ள பழம்பெருமை சாமானியமானதன்று. இந்தியாவிலேயே முதன்முதலில் செவிலியருக்கு முறையான பயிற்சி தொடங்கியது 1871-இல், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் தொடங்கிய செவிலியர் பள்ளி, 1946-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டப்படிப்பாக உயர்ந்தது. அதே ஆண்டில் டில்லியிலும் பட்டப்படிப்பு தோன்றியது. இவ்விரண்டுமே நாட்டின் முதல் செவிலியர் பட்டப்படிப்புகள். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்களைச் சேர்த்துக்கொண்டு, வார்டிலேயே வேலை வாங்கிக்கொண்டு கற்பித்த காலத்தில், முன்படிப்பு என்ற பேச்சுக்கு இடமில்லை. இன்று பாடத்திட்டம் மருந்தியலும் நோயியலும் நுண்ணுயிரியலும் தகவல் தொழில்நுட்பமும் கொண்டதாக, எட்டுப் பருவங்களாக விரிந்துவிட்டது. பெரும்பாலான பாடங்களில் எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியே பாதி மதிப்பெண்ணாவது பெற்றாக வேண்டும். கற்பது இவ்வளவு உயர்ந்துவிட்ட பிறகு, கற்க வருபவரை ஆயத்தம் செய்யும் பொறுப்பு மட்டும் பழைய நிலையிலேயே இருப்பது எப்படிப் பொருந்தும்?

அரசு செய்யக்கூடிய காரியங்கள் சில, அதிகப் பணச் செலவு இல்லாதவை. ‘நான் முதல்வன்’ திட்டத்தின் பகுதியாக 2022-இல் தொடங்கிய ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகள், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு உயர்கல்வியைப் பற்றி எடுத்துச் சொல்கின்றன, நல்ல காரியம். ஆனால் செவிலியர் கல்வியைப் பொறுத்தமட்டில் பிளஸ் டூ முடித்த பிறகு சொல்லுவது காலம் கடந்த ஆலோசனை. பத்தாம் வகுப்பின் இறுதித் தேர்வுக்கு முன்பே, ஜனவரியிலோ பிப்ரவரியிலோ, ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் செவிலியர் ஒருவர் சென்று, தம் வேலை இன்னது, அதற்கு எந்தக் குரூப் வேண்டும் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் ஒரு மணி நேரம் பேசினால் போதும். அறிவியல் பிரிவே இல்லாத மேல்நிலைப் பள்ளிகளில், அல்லது உயிரியலுக்கு ஆசிரியர் இல்லாத பள்ளிகளில், அந்தக் குறையை நீக்குவது இன்னும் அடிப்படையான காரியம்; மாணவியின் விருப்பம் எப்படியிருந்தாலும் பள்ளியில் பாடம் இல்லையென்றால் திட்டமிடுவதற்கு என்ன இருக்கிறது? அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டம் பல குடும்பங்களில் மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தைரியத்தை உண்டாக்கியிருக்கிறது. அந்தத் தைரியம் வீண்போகாமல் இருக்க, அவள் படிக்க விரும்பியதைப் படிப்பதற்குரிய பாடங்கள் அவளுடைய பள்ளியில் இருக்க வேண்டும்.

கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மேல்நிலைத் தேர்வின் முடிவு வந்த பிறகு, கலந்தாய்வு முடிந்து வகுப்புகள் தொடங்குவதற்குள் மாதங்கள் கடந்துவிடுகின்றன. அந்த இடைக்காலத்தில் சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று அலைவதைத் தவிர பிள்ளைகளுக்கு வேறு வேலை இருப்பதில்லை. இந்தக் காலத்தில் ஒவ்வொரு செவிலியர் கல்லூரியும் தன் முதல் பருவப் பாடங்களுக்கு அவசியமான பள்ளிப் பாடங்கள் இன்னவை என்று தமிழில் நாலைந்து பக்கங்களில் அச்சிட்டு, விண்ணப்பப் படிவத்தோடு கொடுக்கலாம்: பதினோராம் வகுப்பு விலங்கியலின் இன்ன இயல்கள், வேதியியலில் கரைசல்களும் அமில காரங்களும், எட்டாம் வகுப்பு விகிதக் கணக்குகள், இருநூறு ஆங்கிலக் கலைச்சொற்கள் என்று. இடம் உறுதியான பின், வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய நான்கு வாரங்களில், மூத்த மாணவியரைக் கொண்டே காலையில் ஆங்கிலமும் மாலையில் சொட்டுக் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யலாம். தமிழ்வழியில் பயின்று வந்த பெண்ணுக்குத் தமிழ்வழியிலேயே வந்து தேறிய மூத்தவளைவிடச் சிறந்த ஆசிரியை கிடைக்கமாட்டாள். டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த கல்லூரிகளில் முதல் ஆண்டில் எத்தனை பேர் எந்தப் பாடத்தில் தவறுகிறார்கள், அவர்கள் பள்ளியில் படித்த பிரிவும் பயிற்றுமொழியும் யாவை என்ற விவரத்தை ஆண்டுதோறும் வெளியிடுமானால், எந்தப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு உதவி தேவை என்று கல்வித் துறை அதைக்கொண்டே முடிவு செய்யலாம். வருகிற கல்வியாண்டின் சேர்க்கைக்கு முன்பே இவற்றைத் தொடங்குவதற்குக் காலம் இருக்கிறது.